அம்மாகிட்ட சொல்லிராதீங்க

பிப்ரவரி 3, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். என்ன சாப்பிட்டாய், எவ்வளவு நடந்தாய், எதற்குக் கோபப்பட்டாய், எல்லாம் எழுது மாயக்கா என்றார். கோழித் தீவனக் கம்பெனிக்காரன் புதுவருசத்துக்குக் கொடுத்த டைரி எங்கள் கோழிக்கறிக் கடையில் சும்மாதான் கிடந்தது. பத்தாவது வரை படித்தவள் நான். கையெழுத்து நன்றாகவே இருக்கும்.

நடந்தது இதுதான். காலையில் லோடு வண்டிக்காரன் இறக்கிய கூண்டில் நாலைந்து கோழி செத்துக் கிடந்தது. "நெரிசல்ல செத்துருக்கும்க்கா. சேத்து வெட்டிவிடுங்க, யாருக்குத் தெரியப்போவுது" என்றான். எனக்கு வந்ததே ஆத்திரம். செத்ததில் ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கி அவன் மூஞ்சியிலேயே ஓங்கி ஒரு அடி. இன்னொன்றை எடுத்து இன்னொரு அடி. மூன்றாவதற்குக் குனிந்தபோது வெட்டுக்கட்டைமேல் பொலபொலவென்று ரத்தம் கொட்டியது. கோழி ரத்தம் என்று நினைத்தேன். என் மூக்கிலிருந்து வந்தது. உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டேனாம்.

ஆஸ்பத்திரியில் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். பிரஷர் இருநூறுக்கு நூற்றிருபது. டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசினார். மூக்கில் வந்தது மூளையில் வந்திருந்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கும். மாத்திரை தருகிறேன், ஆனால் மாத்திரையை மட்டும் நம்பிப் பிரயோசனம் இல்லை. உப்பைக் குறைக்கணும். ஊறுகாய், அப்பளம், கருவாடு பக்கமே போகக் கூடாது. தினமும் நடக்கணும். உடம்பு இளைக்கணும். நேரத்துக்குத் தூங்கணும். கோபத்தையும் கொஞ்சம் அடக்கிக்கொள் என்றார்.

என் வீட்டுக்காரர் பெருமாள் சாது. ஒரு கோழியின் கழுத்தைத் திருகச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார். வெட்டுவது நான், கல்லாவில் உட்காருவது அவர். டாக்டரம்மா சொல்லச் சொல்ல அழுதுவிட்டார். எனக்கு அதைப் பார்த்துத்தான் இன்னும் எரிச்சல்.

பிப்ரவரி 4, செவ்வாய்

உப்பில்லாத ரசம் சாப்பிட்டேன். கழுநீர் தேவலை.

செய்தி கேட்டு இந்துஜா போனில் ஒரே அழுகை. என் ஒரே மகள். ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். இப்போது முழுகாமல் இருக்கிறாள், மூன்று மாதம்.

அவள் புருசன் சதீஷைப் பற்றி இதில் எழுதினால் பிரஷர் ஏறும், ஆனாலும் எழுதுகிறேன். போன தீபாவளிக்கு முந்தின வாரம் குழம்பு ஆறிப்போனது என்று இந்துஜாவை அறைந்திருக்கிறான். காதிலிருந்து ரத்தம். சேதி வந்ததும் பாதி வெட்டின கோழியைப் போட்டது போட்டபடி பஸ் ஏறினேன். அவனுக்குச் செல்போன் கடை. கடையில் ஆள் நிற்கும்போதே சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துச் செருப்பால் வெளுத்தேன். "இன்னொருக்கா எம்புள்ள மேல கை வச்ச, கோழிய உரிக்கிற மாதிரி உரிச்சுப்புடுவேன்டா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றோடு அடங்கினான். "நீ வந்துட்டுப் போனதுல இருந்து கையே ஓங்கலம்மா" என்று இந்துஜாவே சொன்னாள். அவளுக்கு மாமியார் இல்லை, மாமனார் இல்லை, அந்த வீட்டில் கேட்க நாதி இல்லை. அவனுக்கு இருக்கிற ஒரே பயம் நான். அதற்காகவாவது நான் கை கால் விளங்க இருக்க வேண்டும்.

இவர் இன்று அவனுக்கும் போன் போட்டிருக்கிறார். அத்தைக்கு உடம்பு இப்படி, அதிர்ச்சியாக எதையும் அவள் காதில் போட்டுவிடாதீர்கள் என்று. "நான் பாத்துக்கிறேன் மாமா, நீங்க கவலப்படாதீங்க" என்றானாம். இவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். விடியலிலிருந்து கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஒரு ஆள் ஈரலைக் காணோம் என்று சத்தம் போட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் குறுக்கே வந்து, "அண்ணே, மெதுவாப் பேசுங்க, அவுகளுக்குப் பிரஷர்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஆள் உடனே குரலைத் தாழ்த்தி, "அடடா, தெரியாமப் போச்சே, பாத்துக்கங்கம்மா" என்று போய்விட்டான். ஈரலைப் போடாமல் விட்டது நான்தான்.

இது ஒன்றும் மோசமில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி நடக்கிறேன். முதல் வாரம் மூச்சு இரைத்தது. இப்போது இரைக்கவில்லை. கூட நடக்கிற டீச்சரம்மா, "செருப்பப் போட்டு நடக்காதீங்க, ஷூ வாங்குங்க" என்றார். சேலைக்கு ஷூவா என்று கேட்டேன். வாங்கிவிட்டேன். கண்ணாடியில் பார்த்து எனக்கே சிரிப்பு.

எதிர்வீட்டு முருகாயி செத்து மூன்று நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். நான் கடையில் இருந்த நேரத்தில் கொட்டுகூட இல்லாமல் தூக்கியிருக்கிறார்கள். மாயக்காவுக்குப் பிரஷர், கேட்டால் தாங்காது என்று தெருவே பேசி வைத்துக்கொண்டதாம். செத்தவளுக்கு ஒரு மாலைகூட நான் போடவில்லை. இவரிடம் சண்டை போடலாம் என்று வாயெடுத்தேன். சரி, எனக்காகத்தானே செய்தார்கள் என்று விட்டுவிட்டேன். பேப்பரிலும் வெட்டு, குத்து வரும் பக்கத்தை உருவிவிட்டுத்தான் கொடுக்கிறார். டிவி நாடகமும் கிடையாது. மாமியார் மருமகளை அடிப்பதைப் பார்த்தால் எனக்கு ஏறுமாம்.

மார்ச் 14, வெள்ளி

வீட்டிலேயே பார்க்கிற பிரஷர் மெஷின் வாங்கிவிட்டோம். பட்டையைக் கையில் மாட்டிப் பொத்தானை அமுக்கினால் அதுவே இறுக்கிப் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிடும். இன்று நூற்று நாற்பத்தெட்டு. எனக்கு ஒரே குஷி.

இந்துஜா தினமும் காலையில் போன் போடுகிறாள். வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால், "இன்னைக்கு எவ்வளவும்மா?" என்றுதான் கேட்பாள். நூற்று அறுபத்தெட்டு என்றேன். நல்லது நடக்கும்போது வெளியில் சொல்லக் கூடாது. கண் பட்டுவிடும். பெற்ற மகளாக இருந்தாலும் அவள் நாலு பேரிடம் சொல்லுவாள். வியாபாரம் எப்படி என்று யார் கேட்டாலும் ஏதோ ஓடுது என்றுதான் சொல்லிப் பழக்கம். அப்படித்தான் இதுவும்.

"எப்பம்மா நூத்திநாப்பதுக்குக் கீழ வரும்?" என்று கேட்டாள்.

"அது என்னடி கணக்கு?"

"அப்பா சொன்னாரு. நூத்திநாப்பதுக்குக் கீழ வந்துட்டா பயமில்லன்னு டாக்டர் சொன்னாகளாம்ல."

"வரும் வரும். ஒனக்கு என்ன அவசரம்?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள்.

மார்ச் 28, வெள்ளி

ஆறு கிலோ இளைத்திருக்கிறேன். ரவிக்கையெல்லாம் தொளதொள என்றாகிவிட்டது. லோடு வண்டிக்காரன் இன்றும் செத்த கோழி ஒன்றைக் கலந்து இறக்கினான். எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, "கொண்டு போயிருப்பா" என்று மட்டும் சொன்னேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அடித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

இவர் இன்று மத்தியானம் ஒட்டன்சத்திரம் போய்வந்தார். தீவனக் கடைக்கு என்றார். வரும்போது உதடு கிழிந்து சட்டைப் பொத்தான் இரண்டு பிய்ந்திருந்தது. பஸ்ஸில் கூட்டம், கம்பியில் இடித்துவிட்டது என்றார். மஞ்சள் வைத்துவிட்டேன். அந்த ரூட்டில் மத்தியான பஸ்ஸில் ஈ காக்கா இருக்காது. இருந்தாலும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். நல்ல தூக்கம்.

ஏப்ரல் 14, திங்கள்

வருசப்பிறப்பு. இந்துஜாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ரொம்ப மாறிவிட்டார். வாசலிலேயே, "அத்தை, எப்படி இருக்கீங்க, பாதியா எளச்சிட்டீங்களே" என்றார். சாப்பாட்டில் என் இலைக்கு அப்பளம் வந்தபோது அவரே எடுத்து அப்பால் வைத்தார். "அத்தைக்கு ஆகாது மாமா, நீங்கதான் பாத்துக்கணும். திடீர்னு ஏதாச்சும்னா யாரு பதில் சொல்றது" என்றார். இவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். நிமிரவே இல்லை.

இந்துஜாவுக்கு ஐந்து மாதம். வயிறு தெரிகிறது, முகத்தில்தான் சதை இல்லை. இந்தச் சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை மாதிரி ரவிக்கை தைத்துப் போட்டிருக்கிறாள். ஏன்டி என்றால் பேஷன் என்கிறாள்.

சாயங்காலம் யார் கண்ணும் படாமல் உள்ளே வைத்து எனக்குப் பார்த்துவிட்டு, உனக்கும் பார்க்கிறேன் வாடி என்று மெஷினை எடுத்தேன். வேண்டாம் என்று பின்னால் போனாள். விளையாட்டாகக் கையை இழுத்து ரவிக்கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினேன். பட்டை இறுக ஆரம்பித்ததுதான் தாமதம், "அம்மா" என்று வீடே கிடுகிடுக்கக் கத்தினாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். பிய்த்து எறிந்தேன்.

"என்னடி, என்ன கையில?"

மாப்பிள்ளை உள்ளே வந்தார். அவள் பின்கழுத்தில் கையை வைத்தார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா அத்தை. ஒங்களுக்குத் தெரிஞ்சா டென்ஷன் ஆவீங்கன்னு சொல்லல. சொல்லு இந்து, அப்படித்தான?"

"ஆமாம்மா. வழுக்கிருச்சு."

பாத்ரூமைப் பாசி இல்லாமல் தேய்க்கச் சொன்னேன். மெஷின் கொஞ்சம் இறுக்கமாகத்தான் பிடிக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

நூற்று முப்பத்தாறு. நடை உண்டு. உப்பு இல்லை. கோபம் இல்லை.

மே 1, வியாழன்

நூற்று இருபத்தெட்டு. டாக்டரம்மா கைகொடுத்தார். இந்த மாதிரி சொன்னதைக் கேட்டு நடக்கிற ஆள் பத்துப் பேர் இருந்தால் போதும் என்றார். நர்ஸ் என்னை நிற்கவைத்து மற்றவர்களுக்குக் காட்டினாள். கல்யாணப் பெண் மாதிரி வெட்கமாக இருந்தது.

இந்துஜாவிடம் நூற்று ஐம்பத்திரண்டு என்று சொன்னேன்.

"இன்னும் அவ்வளவா இருக்கு" என்றாள்.

"என்னடி?"

"ஒன்னு சொல்லணும்மா."

"சொல்லு."

"இல்ல. கொறையட்டும். கொறஞ்சதும் சொல்றேன்."

வளைகாப்புச் சேலை விசயமாக இருக்கும். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து இங்கே கூட்டிவந்துவிடுவோம். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. துருவிக் கேட்டிருக்கலாம். கேட்டு, அவள் எதையாவது சொல்லி, இவ்வளவு பாடுபட்டுக் குறைத்தது ஏறிவிட்டால் என்ன செய்வது? என்னால் இனி ஒரு தடவை அந்தக் கட்டை மேல் சாய முடியாது.

மே 18, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பையில் இந்த டைரி கிடந்தது. எழுதாவிட்டால் நான் யாரையாவது கொன்றுவிடுவேன்.

காலையில் கடையில் கூட்டம். இவருக்குப் போன் வந்தது. பேசிவிட்டு முகம் செத்துப்போய், "இந்துவுக்கு வாயுத்தொல்லை, ஆஸ்பத்திரியில காட்டப் போறாகளாம், நான் போயிட்டு வந்துர்றேன், நீ கடையப் பாரு" என்றார். வாயுத்தொல்லைக்கு யாராவது கல்லாவைத் திறந்து போட்டுவிட்டு ஓடுவார்களா? கத்தியைப் போட்டுவிட்டு அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். "நீ வராத, ஒனக்கு ஆகாது" என்று கெஞ்சினார். "வண்டிய எடுங்க" என்றேன்.

மாடிப்படியில் நிற்கவைத்து வயிற்றில் உதைத்திருக்கிறான். உருண்டு விழுந்தவளை இறங்கிவந்து முகத்தில் மிதித்திருக்கிறான். தாடை எலும்பு உடைந்திருக்கிறது. முன்பல் இரண்டு இல்லை. கீழ்வீட்டுக்காரர்கள்தான் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். குழந்தை தங்கவில்லை. பையன். துணியில் சுற்றி நர்ஸ் காட்டினாள். ஒரு கைக்குள் அடங்கிவிட்டான்.

இந்துஜாவின் உடம்பைத் துடைக்க நர்ஸுக்கு நான்தான் உதவி செய்தேன். தோள், முதுகு, தொடை. பழைய பச்சை, அதற்கு மேல் புதுச் சிவப்பு. சிகரெட்டால் சுட்ட வட்டங்கள். நான் கோழியைக்கூட இப்படிச் செய்தது இல்லை.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

தாடையை அசைக்க முடியாமல், வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். "நூத்திநாப்பதுக்குக் கீழ வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்மா. தெனமும் கேட்டேன்ல. வரவே இல்லயே."

நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வந்துவிட்டதே. சித்திரை மாதம் பிறக்கும்போதே வந்துவிட்டதே. கண் பட்டுவிடும் என்று பொத்தி வைத்தேனே. என் வாயில் மண்ணைப் போட.

அவள் இன்னும் சொன்னாள். ஒவ்வொரு தடவை அடித்துவிட்டும் அவனே போனை எடுத்து என் நம்பரைப் போட்டு அவள் கையில் கொடுப்பானாம். "சொல்லு, இப்பவே உங்கம்மாட்ட சொல்லு. கேட்ட எடத்துலயே நரம்பு வெடிச்சுச் சாவா. கொன்னவ நீதான்" என்பானாம். நான் ஹலோ என்பேனாம். இவள் சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாளாம். எனக்கு அந்த போன்களெல்லாம் ஞாபகம் இருக்கிறது. பிள்ளைக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று இவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு உதடு கிழிந்து வந்தாரே, கேட்கப் போய் அடிவாங்கி வந்ததுதான். டாக்டர் நூற்று இருபத்தெட்டு என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவர், அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நல்லா இருக்கியே, கெடுத்துரக் கூடாதுன்னுதான் மாயக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். அவரைத் தேற்ற எனக்கு மனசு வரவில்லை.

மூன்று மணிக்கு அவன் வந்தான். கையில் இரண்டு இளநீர். நாலு பேர் பார்க்கும்படி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படியில வழுக்கிட்டா அத்தை. நீங்க டென்ஷனாகாதீங்க. மாமா, அத்தைய வெளிய கூட்டிட்டுப் போங்க, பிரஷர் ஏறிரும்" என்றான்.

இவர் பழக்கதோசத்தில் என் முழங்கையைப் பிடித்தார்.

உதறினேன். அவன் கையிலிருந்து ஒரு இளநீரைப் பிடுங்கி மூக்கைப் பார்த்து அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குத் தெரியும். முட்டிபோட்டு உட்கார்ந்தவன் வாயில் இரண்டாவது அடி. பல் தெறித்து கட்டிலுக்கு அடியில் போனது. மூன்றாவதுக்கு ஓங்கினபோது நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "விடுங்கடா, ஒரு பல்லுதான் போயிருக்கு, எம்மவளுக்கு ரெண்டு" என்று கத்தினேன். தொண்டை கிழிந்து இப்போது தண்ணீர்கூட இறங்கவில்லை.

போலீஸ் வந்து அவன் மேலும் என் மேலும் கேஸ் எழுதிக்கொண்டு போனது. எழுதட்டும்.

மே 19, திங்கள்

டாக்டரம்மாவுக்கு யாரோ போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். அவரே வந்துவிட்டார். பார்த்தார். நூற்று எண்பது. மாத்திரையைக் கூட்டி எழுதினார். இவர் நடந்ததையெல்லாம் சொன்னார், எனக்காகத்தான் மறைத்தோம் என்று.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரைப் பார்த்தார். "உப்பக் கொறைக்கத்தான் சொன்னேன் பெருமாள். பெத்த புள்ள படுற பாட்ட மறைங்கன்னு எப்பச் சொன்னேன்?"

இவர் மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

மே 22, வியாழன்

கடை திறக்கவில்லை. பையனைப் புதைத்துவிட்டு வந்தோம். இவர் குழி தோண்டினார், நான் வைத்தேன்.

மத்தியானம் மகளிர் காவல் நிலையத்திலிருந்து பெண் எஸ்.ஐ. வாக்குமூலம் வாங்க வந்தார். இந்துஜாவின் கட்டில் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்கம்மா. கேக்க முடியாது ஒங்களால. ஏற்கெனவே பிரஷர்னு சொல்றாங்க" என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். நர்ஸும் வந்து தோளைத் தொட்டாள். நான் எழுந்தேன்.

இந்துஜா என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா இருக்கட்டும்" என்றாள். "அவங்க கேக்கணும்."

உட்கார்ந்தேன்.

தீபாவளிக்கு அப்புறம் மறுபடி அடிக்க ஆரம்பித்தது எப்போது என்று எஸ்.ஐ. கேட்டார். அப்பா போன் போட்டு, அத்தைக்கு எதையும் சொல்லிராதீங்கன்னு சொன்ன அன்னைக்கு ராத்திரி என்றாள். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெல்ட், கரண்டி, கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. நடுவில் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பாள். எனக்குக் காது இரண்டும் இரைந்தது, நெற்றி நரம்பு தெறித்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ம், சொல்லு" என்பேன். மறுபடி சொல்லுவாள். சாயங்காலம் வரை சொன்னாள். நான் ஒரு இடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை.